மூடி நல்ல கனம்

நிச்சயதார்த்தத் தட்டில் மாப்பிள்ளைக்கு வாட்ச் வரும், பட்டு வேட்டி வரும், செருப்புகூட வரும். எதையும் மாப்பிள்ளையைக் கேட்டு வாங்குவதில்லை. கேட்டால் அவனுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவானே என்ற பயம்தான். விருதுநகர் தருண்குமாருக்குச் சிவகாசியிலிருந்து வந்த தட்டில் இவை போக ஒரு சென்ட் பாட்டிலும் இருந்தது. அதை வைத்தவள் மணப்பெண் ஹர்ஷினி. மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கி, மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும் அடித்து அடித்து மோந்து பார்த்து, தலைவலியோடு அவளே தேர்ந்தெடுத்தது. அப்படிப்பட்ட பொருளை நன்றாக இல்லை என்று சொல்வதற்குக் கொஞ்சமாவது நெஞ்சுரம் வேண்டும். தருண்குமாரிடம் வேறு பல நல்ல குணங்கள் உண்டு.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, கழுத்தில் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டான். முதலில் எலுமிச்சை வந்தது. பழம் அல்ல, தோல். நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்தக் காரம். பரவாயில்லை, பழகிவிடும் என்று தலை சீவினான். சீவி முடிப்பதற்குள் எலுமிச்சைக்குப் பின்னாலிருந்து மரம் கிளம்பியது. ஒரு நாரத்தங்காயைத் தச்சுப் பட்டறையில் வைத்து அறுத்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் அதே ஆள்தான். மூக்குக்கு மட்டும் வேறு யாரோ வந்து பக்கத்தில் நின்றது போலிருந்தது.

அடுப்படியிலிருந்து அவன் அம்மா சோலையம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏலே, பக்கத்து வீட்ல கதவு நிலை மாத்துதாகளா? மரம் அறுக்குத வாசம் வருது."

"இட்லி எடுத்து வைங்கம்மா" என்றான் தருண்குமார்.

பதினொரு மணிக்கெல்லாம் ஹர்ஷினி போன் செய்துவிட்டாள். "போட்டுப் பாத்தீகளா? எப்படி இருக்கு?"

"மூடி நல்ல கனம்."

"மூடியா?"

"ஆமா. கையில எடுத்தாலே தெரியுது. விட்டா டக்குனு தானா போயி உக்காருது."

அவள் சிரித்தாள். "சரி, வாசம்?"

"சாயங்காலம் வரைக்கும் நிக்கும் போல."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூடி கனம்தான். வாசமும் சாயங்காலம் வரை நின்றது, போகச் சொன்னால்கூடப் போகவில்லை. அவள் மகிழ்ந்து போனை வைத்தாள். இவன் கழுத்தை சோப்புப் போட்டுக் கழுவினான்.

இதை வைத்து அவனைக் கள்ளன் என்று நினைத்துவிடக் கூடாது. குற்றம் அவன் வாயின் மேல்தான், அந்த வாயைப் பழக்கியது கடை. அவன் அப்பா சீனிவாசகத்துக்கு மல்லி, வத்தல், பருப்பு மொத்த வியாபாரம். அந்தக் கடையில் 'இல்லை' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. சொன்னால் இருக்கிற லட்சுமியும் எழுந்து போய்விடுவாள் என்பது கணக்கு. கடுகு கேட்டு ஆள் வந்து, கடுகு தீர்ந்து போயிருந்தால், "வெந்தயம் இருக்கு" என்பார்கள். வந்தவர் புரிந்துகொண்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவார். யாருக்கும் வருத்தமில்லை. அரும்பு மீசைக் காலத்திலிருந்து கல்லாவில் உட்கார்ந்த தருண்குமாருக்கு இது நாக்கோடு ஒட்டிப்போய்விட்டது. ஒருமுறை டாக்டர், "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டதற்கு, "பசி இருக்கு டாக்டர்" என்றவன் அவன். டாக்டர் அதற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஹர்ஷினி வளர்ந்த வீடு இதற்கு நேர் எதிர். அவள் அப்பா செந்தூர்பாண்டிக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி. அங்கே கேட்டுக்குள் கால் வைக்கும்போதே கூடாது என்பதுதான் வரவேற்பு. போன் கூடாது, தீப்பெட்டி கூடாது, நைலான் சேலை கூடாது, இரும்புச் சாவிக்கொத்து கூடாது. வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொல்லித்தான் அங்கே ஆட்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிவகாசி ஆபீசில் ஆர்டர் பார்க்கிற ஹர்ஷினியும் அப்படியே. சரக்கு இல்லையென்றால் 'இல்லை' என்பாள், நாளைக்கு ஆகாது என்றால் 'ஆகாது' என்பாள். ஆகவே ஒருவர் மூடி நன்றாக இருக்கிறது என்றால், மற்றதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிற வெள்ளை மனசு அவளுக்கு.

அவளை அவனுக்கு எம்புட்டுப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று மொட்டை மாடியில் இருவரையும் பேச அனுப்பினார்கள். அவள், "உங்களுக்கு வத்தல் நெடியில தும்மல் வராதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அதை நினைத்து அவளே தும்மினாள். பிறகு தும்மியதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு விருதுநகர் வந்தவன் இரண்டு நாள் எடைத் தட்டில் என்ன போடுகிறோம் என்று தெரியாமல் போட்டான். அவளுக்கு ஒரு மனக்கஷ்டம் தன்னால் வரக் கூடாது என்று நினைத்தான். அந்த நல்லெண்ணம்தான் சனியன் மாதிரி வந்து சேர்ந்தது.

ஒருநாள் அவசரத்தில் அந்த சென்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய்விட்டான். ஏழாயிரம்பண்ணையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மணிமுத்து மல்லி எடுக்க வந்திருந்தார். மல்லியை உள்ளங்கையில் போட்டுக் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய்த்தான் விலை பேசுவார்கள். தருண்குமார் கசக்கி நீட்டினான். மணிமுத்து மோந்தார். புருவம் ஏறியது. மறுபடியும் மோந்தார்.

"தம்பி, மல்லில எலுமிச்சம்பழ வாசம்லா அடிக்கி. மூட்டையப் பாத்திரம் வெளக்குத சோப்புக்குப் பக்கத்துல அடுக்கிட்டீகளா?"

சீனிவாசகம் கல்லாவிலிருந்து மகனைப் பார்த்த பார்வையில் வத்தல் இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கும். அன்றோடு கடையில் சென்டுக்குத் தடை வந்தது. தருண்குமாருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். வாரம் ஒருநாள் சிவகாசி போகும்போது மட்டும் போட்டால் போதும் என்று ஆறுதலானான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் பெண் வீட்டு விருந்தில்தான் காரியம் கைமீறியது. இலையில் பாயசம் விழுந்த நேரத்தில் செந்தூர்பாண்டி மோப்பம் பிடித்தார். தாராள மனசுக்காரர். எதைக் கண்டாலும் பெட்டி கட்டி ஊருக்கே கொடுக்க நினைப்பவர். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் போட்டுப் போட்டுப் பழகிய கை அது.

"என்ன மாப்பிள்ளை, பிள்ள வாங்குன சென்டா? எப்படி இருக்கு?"

"மூடி நல்ல கனம் மாமா" என்றான் பழக்கதோஷத்தில். "நாள் பூரா நிக்குது."

"அப்படிச் சொல்லுங்க. மறுவீட்டு விருந்துக்கு வாற ஆம்பளைக அம்புட்டுப் பேருக்கும் தாம்பூலப் பையில ஆளுக்கொரு சின்ன பாட்டில் போட்ருவோம். மாப்பிள்ளைக்குப் பிடிச்ச சென்டுனு ஊருக்கே தெரியட்டும். மதுர ஏஜென்ட்ட நாளைக்கே பேசிருதேன்."

தருண்குமார் பாயசத்திலிருந்து கையை எடுத்தான். சிவகாசிப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் நாரத்தங்காயும் மரத்தூளுமாக வரிசையில் வந்து தன்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துவதை ஒரு கணம் கண்ணால் கண்டான். வேண்டாம் மாமா என்று சொல்ல வாயைத் திறந்தான். பந்தியில் எதிரே ஹர்ஷினி பூரித்துப்போய் நின்றாள்.

"பாயசம் ரொம்ப நல்லாருக்கு அத்தை" என்றது அவன் வாய். அவள் அம்மா செல்லக்கனி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் செல்லக்கனியும் ஹர்ஷினியும் விருதுநகர் கடைக்கே வந்தார்கள். மறுவீட்டு விருந்துக்குச் சாமான் எடுக்க வேண்டும். சம்பந்தி கடை இருக்கும்போது வேறு கடைக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? சீனிவாசகம் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டு, குடிக்க இரண்டு கலர் வாங்கிவரச் சொன்னார். பெரியவர்கள் இருவரும் துவரம்பருப்பில் தொடங்கினார்கள். ஹர்ஷினி கலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, தருண்குமார் வியாபாரம் செய்வதை வேடிக்கை பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் இவன் குரலில் ஒரு மிடுக்கு ஏறியது. வேண்டாத மிடுக்கு.

மணிமுத்து வந்திருந்தார். "தம்பி, கடுகு இருக்கா?"

"வெந்தயம் இருக்கு அண்ணாச்சி."

"சரி. முண்டு வத்தல்?"

"சம்பா வத்தல் இன்னைக்குத்தான் லோடு எறங்குச்சு."

"ம். உளுந்து போடுங்க."

ஹர்ஷினிக்குப் புரியவில்லை. நாற்காலியை நகர்த்தி மணிமுத்துவிடம் கேட்டாள். "அண்ணாச்சி, நீங்க கடுகுதான கேட்டீக? அவுக வெந்தயம்னு சொல்லுதாக, நீங்களும் பேசாம இருக்கீக."

"கடுகு தீந்து போச்சுனு அர்த்தம்மா" என்றார் மணிமுத்து. சம்பந்தி வீட்டுப் பெண்ணுக்கு விளக்கம் சொல்லக் கிடைத்ததில் அவருக்கு உற்சாகம். "கடையில அந்த 'இ'னா சொல்லு வரப்படாது. அதனால இருக்கதச் சொல்லுவாக. சொல்லாம விட்டது கெடையாதுனு நாமளாப் புரிஞ்சுக்கிடணும். தம்பி இதுல கெட்டிக்காரரு. மனசு நோகாம அனுப்பிருவாரு."

உளுந்தை அளந்துகொண்டிருந்த தருண்குமார் நிமிர்ந்து பார்த்தான். ஹர்ஷினி கலர் பாட்டிலைத் தரையில் வைத்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ ஓடுவது தெரிந்தது. மூடி ஓடியது, சாயங்காலம் வரை நின்றது ஓடியது, பாயசமும் ஓடியது.

அவள் எழுந்து வந்து மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"சென்ட் வாசம் எப்படி இருக்கு?"

"மூ..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

"மூடி கனமா இருக்கு. அதான? ஒருவாட்டி கூட வாசம் நல்லாருக்குனு சொல்லலைல நீங்க."

அவன் உளுந்தைப் பார்த்தான்.

"சென்ட் கெடக்கட்டும். வேற ஒண்ணு கேக்கேன்." அவள் குரல் இறங்கியது. "அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப, எங்க பெரியப்பா உங்ககிட்ட, 'பொண்ணப் பிடிச்சிருக்கா'னு கேட்டாகல்ல. நீங்க என்ன சொன்னீக?"

தருண்குமாருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கூடம் நிறையப் பெரியவர்கள். பக்கத்தில் அப்பா. அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. 'நல்ல குடும்பம்' என்றான். எல்லாரும் சிரித்தார்கள், யாரோ சர்க்கரை கொண்டுவந்தார்கள், காரியம் முடிந்தது.

"நல்ல குடும்பம்னீக" என்றாள் ஹர்ஷினி. "பெறகு கேசரி நல்லாருக்குனீக. அப்ப நான்தான் கடுகா?"

அவள் கண் கலங்கியிருந்தது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இப்போது தப்பாக ஒரு வார்த்தை வந்தால் இந்தக் கல்யாணமே நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. நிற்காமல் நடந்தாலும், ஆயுசுக்கும் அவள் இந்தக் கேள்வியோடுதான் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரிந்தது. அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"நீங்க பயப்படுத மாதிரி..." என்று இழுத்தான்.

"சுத்தி வளைக்காதீக. எங்க கம்பெனி கேட்ல வேணாம்னா வேணாம்னு சொல்லுவோம். மனசு நோகும்னு சொல்லாம விட்டா ஆளு உசுரே போயிரும். இருந்தா இருக்குனு சொல்லுங்க. இல்லேனா இல்லேனு சொல்லுங்க. ரெண்டும் தாங்கிக்கிடுவேன். இந்த வெந்தயத்தத்தான் என்னால தாங்க முடியாது."

தருண்குமார் படியை உளுந்தின் மேல் வைத்தான்.

"இல்ல" என்றான்.

பழக்கமில்லாத சொல் என்பதால் அளவு தெரியாமல் வந்துவிட்டது. லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரலில் வந்தது. "அந்த சென்ட் நல்லா இல்ல. எனக்குப் பிடிக்கல. மொத நாள்ல இருந்தே பிடிக்கல. அன்னைக்கு உங்ககிட்ட போன் பேசி வச்ச கையோட கழுத்த சோப்புப் போட்டுக் கழுவுனேன்."

கடை நின்றுவிட்டது. மூட்டை தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். கல்லாவில் சீனிவாசகத்தின் பேனா பாதி எண்ணில் நின்றது. மணிமுத்து கூரையைப் பார்த்தார், லட்சுமி எந்தப் பக்கமாக வெளியேறுகிறாள் என்று தேடுவது போல.

"ஏலே" என்றார் சீனிவாசகம்.

"இருங்கப்பா." இதுவும் அந்தக் கடையில் புதிய சொல்தான். தருண்குமார் ஹர்ஷினியைப் பார்த்தான். "அன்னைக்கு அவுக கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லாதது என் தப்பு. கூச்சம். உங்கள எனக்கு..." இந்த இடத்தில் குரல் காலை வாரிவிட்டது. இல்லை என்பதற்கு லாரி அளவுக்குக் கிளம்பிய குரல் இப்போது கொசு அளவுக்குச் சுருங்கியது.

"சத்தமாச் சொல்லுங்க தம்பி, வெலையவா சொல்லப் போறீக" என்றார் மணிமுத்து.

"உங்களப் பிடிச்சிருக்கு. மாடியில தும்முனீகளே, அப்பவே."

ஹர்ஷினியின் முகம் இளகவில்லை. "இத எப்படி நம்புறது? நான் அழுதேன்னு எம் மனசு நோகாமச் சொல்லுதீகளோ என்னவோ" என்றாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "அப்பா அந்த மதுர ஏஜென்ட்ட வெலை பேசிட்டாக, இன்னைக்கு சாயங்காலம் ஆர்டர் சொல்லப் போறாக. வேணாம்னு நீங்களே சொல்லுங்க. இதே மாதிரி நேராச் சொல்லுங்க."

அப்பாவின் எண்ணை அழுத்தினாள், மறுமுனையில் மணி அடித்தது. அவள் போனை அவன் கையில் வைத்தாள். மாமனாரிடம், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால், அதுவும் அவர் ஆசைப்பட்டுச் செய்வதை வேண்டாம் என்பது விருதுநகரில் பிறந்தவன் செய்கிற காரியம் இல்லை. அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"சொல்லும்மா" என்றார் செந்தூர்பாண்டி.

"மாமா, நான் தருண்குமார் பேசுதேன். அந்த சென்ட் விருந்துக்கு வேண்டாம்."

"ஏன் மாப்பிள்ளை, பெரிய பாட்டிலாப் போட்ருவமா?"

"இல்ல மாமா. எனக்கு அந்த வாசம் பிடிக்கல. மொதல்ல இருந்தே."

"பிள்ள மதுர பூராவும் அலைஞ்சு வாங்குனது" என்றார் செந்தூர்பாண்டி.

"தெரியும் மாமா. அதனாலதான் சொல்ல முடியாம இருந்துட்டேன்."

"எங்க வீட்டு இலையில உக்காந்துக்கிட்டு நாள் பூரா நிக்குதுனு சொன்னீக. நானும் பெருமையா நாலு பேருட்ட சொல்லிட்டு அலையுதேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்புத்தான் மாமா."

"ம்" என்றார். போன் அணைந்தது.

பாயசத்தைப் பாராட்டித் தப்பிக்க இனி வழியில்லை. தருண்குமார் போனை நீட்டினான். "வச்சிட்டாக."

"கோவமா?"

"கோவந்தான். வருத்தமும் இருக்கு."

செல்லக்கனி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "என்னடி நடக்கு அங்கன?" என்றாள். சீனிவாசகம் அவளுக்குப் பதில் சொல்லாமல் சாமி படத்துக்கு முன்னால் ஒரு சூடத்தை ஏற்றிவைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூட்டைகள் மறுபடி நகரத் தொடங்கின.

ஹர்ஷினி போகவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நேரம் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை என்று தருண்குமாருக்குத் தோன்றியது.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு நீங்கல்லாம் கெளம்பிப் போன பெறகு, அப்பா எங்கிட்டயும் கேட்டாக. மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கானு."

"என்ன சொன்னீக?"

"சரிப்பான்னேன். அம்புட்டுத்தான். அமைதியான ஆளு, எல்லாத்துக்கும் தலையாட்டுதாரு, பொழைச்சிக்கிடலாம்னு நெனச்சேன். பிடிச்சிருக்குனு சொல்லல."

தருண்குமார் மூட்டையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டான். கேட்காமல் இருந்துவிடலாம் என்று பழைய வாய் சொன்னது. அவன் கேட்டான்.

"இப்ப?"

"இப்ப அப்பா கோவத்துல இருக்காக" என்றாள் ஹர்ஷினி. "நல்லாச் சாப்பிட்டுக் கொஞ்சம் ஆறட்டும். பெறகு போயி, பிடிச்சிருக்குப்பானு சொல்லுதேன்."